கட்டங்களும் அட்டைகளும்: குறும்படிப்பு வடிவமைக்க ‘ஏபிசி’ வார்ப்புரு எவ்வளவு உதவும்?

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊக்குநர்களுக்குக் கணக்கு எழுதக் கற்பிக்கும் படிப்பு ஒன்றை, மூன்று வாரத்தில் ஆறு மணி நேரத்துக்குள் முடியும்படியும் கைப்பேசியிலேயே படிக்கும்படியும் அமைத்துத் தரும் பொறுப்பு, மூன்று பேர் கொண்ட எங்கள் குழுவிடம் வந்தது. இத்தகைய வேலைக்கு உட்காரும் எவரும் முதலில் ஒரு வார்ப்புருவைத்தான் (டெம்ப்ளேட்) தேடுவார், நாங்களும் தேடினோம். அடுத்த சில மாதங்களில் இரண்டு வகை வார்ப்புருக்களைப் பயன்படுத்திப் பார்த்தோம். ஒன்று, விலை கொடுத்து வாங்கிய ஸ்லைடுத் தொகுப்பு. மற்றொன்று, லண்டனில் உள்ள யுசிஎல் பல்கலைக்கழகத்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் ‘ஏபிசி கற்றல் வடிவமைப்பு’ அட்டைத் தொகுப்பு. இந்த மதிப்புரை இரண்டாவதைப் பற்றியது. ஆயினும் முதலாவதில் நாங்கள் பட்டதைச் சொல்லாவிட்டால், இரண்டாவதில் எதை மதிக்கிறேன் என்பது விளங்காது.

ஸ்லைடுத் தொகுப்பின் விலை 1,800 ரூபாய். அதில் 60 பக்கங்கள் இருந்தன. முகப்பு, கற்றல் நோக்கங்கள், பாடச் சுருக்கம், ‘உங்களுக்குத் தெரியுமா’ பெட்டி, நான்கு விடைகள் கொண்ட வினாப் பக்கம், நன்றிப் பக்கம் என எல்லாவற்றுக்கும் அழகாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். இடம் ஒதுக்கியிருந்ததே வினையாயிற்று. நோக்கங்கள் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. எங்களிடம் இருந்தவையோ இரண்டே நோக்கங்கள். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தால் பார்க்க நன்றாயிராது என்பதற்காக ‘நிதி ஒழுக்கத்தின் முக்கியத்துவத்தை உணர்தல்’ என்று ஒரு வரியை எழுதி நிரப்பினோம். அந்த வரிக்குரிய பாடமும் இல்லை, பயிற்சியும் இல்லை. அதைப் போலவே, நான்கு விடைகளுக்குக் கட்டம் இருந்ததால் எல்லா வினாக்களும் நான்கு விடை வினாக்கள் ஆயின. கணக்கு எழுதத் தெரியுமா என்று சோதிக்க வேண்டிய இடத்தில், ‘ரொக்கப் புத்தகத்தில் வரவு எந்தப் பக்கத்தில் எழுதப்படும்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

தமிழுக்கு அந்தத் தொகுப்பு இசைந்தும் வரவில்லை. அதன் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தட்டச்சு செய்த உடனே மென்பொருள் வேறோர் எழுத்துருவுக்குத் தானாக மாறிவிடும். வரிகளுக்கு இடையே விட்டிருந்த இடைவெளி இலத்தீன் எழுத்துகளுக்குப் போதும். நம் எழுத்துகளின் மேல் வளைவுகளும் கீழ்ச் சுழிகளும் அதில் வெட்டுப்பட்டன. ஒரு சிறு ஆங்கிலச் சொல்லுக்காக வரைந்திருந்த பட்டையில் ‘கற்றல் நோக்கங்கள்’ என்பதை அடக்க எழுத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. இவ்வகைத் தொகுப்பை வாங்க விரும்புவோர், பணம் கட்டுமுன் மாதிரிப் பக்கம் ஒன்றில் ‘ஸ்ரீ’, ‘கூ’, ‘நூற்றுக்கணக்கில்’ ஆகியவற்றை அடித்துப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் நிரப்பி, குரல் சேர்த்து, 22 நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்தோம். இணையவழிப் படிப்புகளை வழங்கும் எட்எக்ஸ் தளத்தின் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் அதில் செலவிடும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியிருந்தது. அதை நாங்கள் முன்பே படித்திருந்தோம், படித்திருந்தும் செய்தோம். முன்னோட்டத்தில் ஊக்குநர்கள் வினாக்களுக்கு நன்றாகவே விடையளித்தார்கள். பிறகு வெற்று ரொக்கப் புத்தகப் பக்கம் ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு கூட்டத்தின் வரவு செலவைப் பதியச் சொன்னபோது, பலர் பேனாவை எடுக்கவே தயங்கினர். முறுக்கு நாழியில் வில்லையை மாற்றினால் தேன்குழலும் வரும், முள்ளு முறுக்கும் வரும்; மாவு என்னவோ அதே மாவுதான். நாங்கள் 1,800 ரூபாய்க்கு வாங்கியது வில்லையை மட்டுமே.

இனி ஏபிசி. இதை யுசிஎல் பல்கலைக்கழகத்தின் மின்வழிக் கல்விக் குழுவைச் சேர்ந்த கிளைவ் யங், நடாஷா பெரோவிச் ஆகிய இருவரும் 2015 வாக்கில் உருவாக்கினர். அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டயானா லோரிலார்ட் வகுத்த ஆறு கற்றல் வகைகளே இதன் அடித்தளம். பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் நிதியுதவியோடு வேறு பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதால் வணிக நோக்கமின்றி எவரும் தரவிறக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம்; மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை.

பொருள் என்று பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு நிறங்களில் ஆறு வகை அட்டைகள், வாரங்களைக் குறிக்கும் ஒரு பெரிய தாள், சிலந்தி வலை போன்ற ஒரு வரைபடம், ஒட்டுவதற்குச் சில நட்சத்திரங்கள் ஆகியவையே மொத்தத் தொகுப்பும். ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்தில் ஒரு கற்றல் வகையின் பெயரும் விளக்கமும் இருக்கும். பின்பக்கத்தில் அந்த வகையில் செய்யத்தக்க செயல்கள், வகுப்பறைக்கு உரியவை தனியாகவும் இணையத்துக்கு உரியவை தனியாகவும் பட்டியலிடப்பட்டிருக்கும். படிப்பை நடத்தும் ஆசிரியர்கள் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, 90 நிமிடத்தில் படிப்பின் முழு ஓட்டத்தையும் தாளில் அட்டைகளாக அடுக்கிவிட வேண்டும் என்பது முறை. எழுதுவதற்குக் கட்டமே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் படிப்பை ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) குறிப்பு அளவுக்குள் சொல்ல வேண்டும். பிறகு சிலந்தி வலையில் எந்த வகைக் கற்றல் எவ்வளவு என்று உத்தேசமாக வரைய வேண்டும். அதன் பின்னரே அட்டைகளைத் தொட வேண்டும்.

தமிழில் அட்டை எழுதியபோதுதான் இந்த ஆறு வகைகளின் கூர்மை எங்களுக்குப் புரிந்தது. பாடத்தைக் கேட்டும் படித்தும் பார்த்தும் பெறுவதைக் ‘கேட்டறிதல்’ என்றோம். தானே தேடி, ஒப்பிட்டு, ஆராய்ந்து கண்டுபிடிப்பதைத் ‘தேடியறிதல்’ என்றோம். ‘கலந்துரையாடல்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதற்கும் ‘கூடிச் செய்தல்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் நீண்ட வாதத்துக்குப் பின் தெளிந்தது: முன்னதில் கருத்தைப் பரிமாறிக்கொண்டால் போதும், பின்னதில் பலர் சேர்ந்து ஒரே பொருளை உருவாக்கி முடிக்க வேண்டும். மிகவும் தொல்லை கொடுத்தவை கடைசி இரண்டும். ஆங்கிலப் பெயர்களை அகராதி பார்த்து மாற்றினால் ‘பயிற்சி’, ‘உற்பத்தி’ என்று வரும்; உற்பத்தி என்றதும் ஆலைதான் நினைவுக்கு வரும். முன்னது, செய்து பார்த்து, செய்த வேலையே காட்டும் விளைவைக் கொண்டு அடுத்த முறை திருத்திக்கொள்வது. பின்னது, கற்றவற்றையெல்லாம் திரட்டி ஒன்றைச் செய்து ஆசிரியர் முன் வைப்பது. ஆகவே ‘பழகுதல்’ என்றும் ‘ஆக்கிக் காட்டுதல்’ என்றும் எழுதினோம். அட்டைகளைக் கெட்டியான தாளில் நிறம் நிறமாக அச்சிட, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஆன செலவு ஸ்லைடுத் தொகுப்பின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அமர்வுக்கு, பல ஆண்டுகளாகத் தம் குழுவின் புத்தகங்களை எழுதிவரும் ஊக்குநர் ஒருவரையும் அழைத்திருந்தோம். ஏபிசி முறை பாடம் நடத்துவோரை ஒன்றுசேர்ப்பதற்கென்று அமைந்தது. கற்பவரையும் மேசைக்கு அழைத்தது எங்கள் சேர்க்கை. அதுவே அன்றைய அமர்வைக் காப்பாற்றியது. நாங்கள் மூவரும் அட்டைகளை அடுக்கி முடித்தபோது, முதல் வாரம் முழுவதும் கேட்டறிதல் அட்டையின் நிறமாகவே இருந்தது. இரண்டாம் வாரத்தில் பாதியும் அப்படியே. ஸ்லைடுகளில் தயாரித்தபோதும் விகிதம் இதுவேதான் இருந்திருக்கும். ஆனால் அங்கே பக்கத்துக்குப் பக்கம் படமும் நிறமும் மாறிக்கொண்டிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கே ஒரே நிறம் வரிசையாகக் கிடந்தது. தாளைப் பார்த்த ஊக்குநர் அக்கா சிரித்துவிட்டார். “பாடம் கேட்டா சார் நாங்க கணக்கு எழுதக் கத்துக்கிட்டோம்? இருப்பு பொருந்தாம உக்காந்திருந்த ராத்திரியிலதான் கத்துக்கிட்டோம்” என்றார்.

அதன் பிறகு முதல் வாரத்தின் மூன்று கேட்டறிதல் அட்டைகளில் இரண்டை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு தேடியறிதல் அட்டையை வைத்தோம். அட்டையை வைத்தால் அதைத் திருப்பிப் பார்த்து, என்ன செயல் என்று தீர்மானித்தாக வேண்டும். அங்கேதான் வார்ப்புரு வேலை வாங்குகிறது. நாங்கள் தீர்மானித்தது இது. ஒரு கூட்டத்தின் ரொக்கப் புத்தகப் பக்கத்தைப் படமாகக் கொடுக்கிறோம். தொடக்க இருப்பு 2,340 ரூபாய். 15 உறுப்பினர்களின் சேமிப்பு, தலைக்கு 100 வீதம், 1,500. ஒருவர் கடன் தவணையாகக் கட்டியது 3,200. புதிதாகக் கொடுத்த கடன் 5,000. கூட்டச் செலவு 60. இறுதி இருப்பு 1,980. கூட்டிக் கழித்தால் இருப்பு சரியாக இருக்கிறது, பெட்டியில் உள்ள பணமும் பொருந்துகிறது. ஆனால் பக்கத்தில் ஒரு பிழை உண்டு, கண்டுபிடியுங்கள் என்கிறோம். கட்டிய 3,200 ரூபாயில் 3,000 அசல், 200 வட்டி. இரண்டையும் பிரிக்காமல் அசலாகவே எழுதிவிட்டார்கள். ரொக்கப் புத்தகம் பொருந்திவிடும். கடன் பேரேட்டில் அந்த உறுப்பினரின் பாக்கி 200 ரூபாய் குறைந்துபோகும், குழுவின் வட்டி வருமானமும் காணாமல் போகும். இருப்பு பொருந்தினால் கணக்கு சரி என்ற எண்ணமே புதிய ஊக்குநர்களிடம் அதிகம் என்று சொல்லி, இந்தக் கணக்கை அமைத்துக் கொடுத்தவரும் அந்த அக்காதான். நான்கு கட்டங்கள் கொண்ட வினாப் பக்கம் இருந்திருந்தால் இது பிறந்திருக்காது.

நட்சத்திரங்களையும் குறிப்பிட வேண்டும். அட்டைகளை அடுக்கிய பின், கற்பவர் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்ளும் இடங்களில் வெள்ளி நட்சத்திரமும், மதிப்பெண் கணக்கில் சேரும் இடங்களில் தங்க நட்சத்திரமும் ஒட்ட வேண்டும். எங்கள் தாளில் ஒரே ஒரு தங்க நட்சத்திரம் கடைசி நாளில் தனியாக நின்றது; அதற்கு முன் வெள்ளி ஒன்றுகூட இல்லை. கற்பவர் முதல் முறையாகத் தம் பிழையை அறிவது இறுதித் தேர்வில்தான் என்பதைத் தாள் சொல்லிற்று. இப்போது வாரத்துக்கு இரண்டு வெள்ளி உண்டு.

குறை இல்லையா என்றால், உண்டு. ஏபிசி பல்கலைக்கழகத்தின் பருவ அளவிலான பாடங்களுக்காகப் பிறந்தது. அங்கே ஓர் அட்டை ஒரு வாரத்தின் பெரும்பகுதியைக் குறித்தாலும் கேடில்லை. ஆறு மணி நேரப் படிப்பில் ஓர் அட்டை 10 நிமிடமா 50 நிமிடமா என்பதே படிப்பின் தலையெழுத்தை மாற்றிவிடும். அட்டையோ நிமிடக் கணக்கு கேட்பதில்லை. சிலந்தி வலை வரைபடமும் உத்தேசக் கோடுதான். ஆசையைக் காட்டுமே தவிர அளவைக் காட்டாது. குறும்படிப்புக்கு இதை மட்டும் நம்பினால் போதாது என்பது என் கருத்து.

அந்தக் குறையை நீக்குவது, லோரிலார்டின் குழுவே உருவாக்கி இலவசமாக வழங்கும் ‘லேர்னிங் டிசைனர்’ என்னும் இணையக் கருவி. அதே ஆறு வகைகள்தான். ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் எத்தனை நிமிடம், எத்தனை பேர், ஆசிரியர் உடனிருப்பாரா என்பவற்றை உள்ளிட வேண்டும். உள்ளிட உள்ளிட, பக்கத்தில் ஒரு வட்ட வரைபடம் மாறிக்கொண்டே வரும். மற்றவர்கள் பொதுவில் வைத்துள்ள வடிவமைப்புகளை எடுத்து நம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளவும் இடமுண்டு. எங்கள் பழைய ஸ்லைடுப் படிப்பை அதில் ஏற்றிப் பார்த்தபோது 360 நிமிடத்தில் 215 நிமிடம் கேட்டறிதலாக இருந்தது. அட்டைகளால் திருத்திய பின் கேட்டறிதல் 80, பழகுதல் 110, தேடியறிதல் 60, ஆக்கிக் காட்டுதல் 50, கலந்துரையாடல் 40, கூடிச் செய்தல் 20 என்று வந்தது. ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: நாம் எழுதிய நிமிடத்தைத்தான் கருவி கூட்டிக் காட்டுகிறது. பேரேட்டில் பதிய 15 நிமிடம் என்று நாங்கள் எழுதியிருந்த வேலைக்கு, முன்னோட்டத்தில் சிலருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அட்டையில் திட்டமிட்டு, கருவியில் நேரம் வைத்து, முன்னோட்டத்தில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தால்தான் கணக்கு நேராகும்.

வார்ப்புரு என்றவுடன் நம் நாட்டில் பலருக்கு 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தின் நான்கு பகுதி முறை நினைவுக்கு வரலாம்: காணொளி விரிவுரை, படிக்கும் பொருள், தன்மதிப்பீடு, கலந்துரையாடல். ஒரு பல்கலைக்கழகப் பாடத்தில் எதுவும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள அது போதுமானது. என்னென்ன இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கற்பவர் செவ்வாய்க்கிழமை மாலை கைப்பேசியைத் திறந்து என்ன செய்வார் என்று கேட்பதில்லை. சிறிய படிப்புக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

தாளில் முடிந்ததை இணையத்தில் ஏற்ற, இணையவழிப் படிப்பு நடத்த உதவும் மூடிலைப் பயன்படுத்தினோம். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி, 2002-இல் முதல் பதிப்பு வந்த இந்தத் திறமூல மென்பொருளில், ஒரு வாரத்தை முழுமையாகக் கட்டிவிட்டு அதையே படியெடுத்து அடுத்த வாரங்களுக்கு அடிப்படையாக்கலாம். 2020-இல் வந்த 3.9 பதிப்பு முதல் எச்5பி என்னும் ஊடாடு பயிற்சி வசதியும் உள்ளேயே இருப்பதால், காணொளியின் நடுவே நிறுத்திக் கேள்வி கேட்பதும், பிழையுள்ள பக்கத்தின் மேல் விரலால் தொட்டு இடத்தைக் காட்டச் செய்வதும் எளிதாயின. எங்கள் வார வார்ப்புருவின் வரிசை: கூட்டத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, 6 நிமிடத்துக்கு மிகாத ஒரு காணொளி, பழகுவதற்கு ஒரு கணக்கு, பிழையுள்ள ஒரு பக்கம், தம் கையால் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்புதல். முதல் இரண்டு வாரங்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருந்தது. மூன்றாம் வாரம் ஆண்டுக் கணக்கைத் தணிக்கைக்கு ஆயத்தம் செய்வது. அங்கே தனியாள் வேலை குறைவு, குழுவின் பிரதிநிதிகளோடு சேர்ந்து செய்ய வேண்டியதே அதிகம். படியெடுத்த வரிசையை விட மனமில்லாமல் இரண்டு நாள் அதிலேயே பாடத்தைத் திணித்துக்கொண்டிருந்தோம். நாமே செய்த வார்ப்புருவும் நம்மைக் கட்டிப்போடும் என்பதை ஒப்புக்கொண்டு, மூன்றாம் வாரத்தை மீண்டும் தாளுக்குக் கொண்டுவந்து அட்டைகளை அடுக்கினோம்.

யாருக்கு இது பயன்படும்? பாடப்பொருளை நன்கறிந்தும், அதை இணையத்தில் எப்படி நடத்துவது என்று அறியாதவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே அறையில் கூட முடிந்தால், ஏபிசியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 90 நிமிடம் என்கிறார்கள். முதல் முறை எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று, பாதி நேரம் சொற்களைப் பற்றிய வாதத்தில் போனது, அந்த வாதமும் வீண்போகவில்லை. தனியாளாக உட்கார்ந்து செய்பவருக்கு அட்டையைவிட லேர்னிங் டிசைனரே பொருந்தும். எதிரே மறுத்துப் பேச ஆளில்லாதபோது அட்டைகள் நம் பழக்கத்தின்படியே விழுந்துவிடும். ஸ்லைடுத் தொகுப்புகளை ஒதுக்கச் சொல்லவில்லை. எல்லாம் தீர்மானமான பிறகு முகத்துக்குப் பூச அவை ஆகும், தீர்மானிப்பதற்கு ஆகா.

எங்கள் தொகுப்பில் இப்போது ஏழாவது அட்டை ஒன்று உண்டு. கடன் கொடுப்பதும் தவணை வாங்குவதும் குழுக் கூட்டம் நடக்கும் நாளில்தான். படிப்பின் இரண்டாம் பாடத்தை முடித்தவர் அடுத்த கூட்டம்வரை பொறுத்திருந்தால்தான் உண்மையான பக்கத்தில் எழுத முடியும். ஆறு அட்டைகளிலும் அந்த இடைவெளிக்கு இடம் இல்லாததால், நிறமில்லாத வெள்ளை அட்டையில் ‘கூட்ட நாள்வரை காத்திரு’ என்று எழுதி வைத்தோம். மூடிலில் அதற்கு நேரானது, அடுத்த பாடத்தை ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பின்னரே திறக்கும் வசதி; குழுவுக்குக் குழு கூட்ட நாள் வேறுபடுவதால், கற்பவர்களைக் கூட்ட நாள்படி பிரித்துத் தேதி வைக்க வேண்டியிருக்கிறது. தமிழ் அட்டைகளைக் கேட்பவர்களுக்கு இந்த வெள்ளை அட்டையையும் சேர்த்து, உரிமம் சொல்கிறபடி அதே நிபந்தனையில் கொடுத்துவருகிறோம்.